சாம்பல் அணிலுக்கு ஒரு நன்றி மடல்

என் அன்புக்குரிய சாம்பல் அணிலே,

நீ ஒரு விண்கலத்தின் மாதிரி. முழங்கை நீளம் இருப்பாய். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டு உன் இடம். எந்தப் படத்திலும் வராத, எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்காத கப்பல் நீ. வீட்டுக்கு வருகிறவர்கள் உன்னைப் பார்த்ததும், எத்தனையோ கிரகங்களுக்குச் சரக்கு சுமந்து அலுத்துப்போன கப்பல் என்றுதான் நினைக்கிறார்கள். அந்தப் பழமை முழுவதும் என் கையால் தீட்டியது. தீட்டக் கற்றுக்கொடுத்தது நீ. பட்ட கடனைச் சொல்லிவிடுவதுதான் முறை என்பதால் இந்த மடலை எழுதுகிறேன். வேறு யாராவது படித்தால் படிக்கட்டும். பேச்சு உனக்கும் எனக்கும்தான்.

அணிலே, முதல் கடன் உன் உடம்புக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிவந்த பிளாஸ்டிக் டப்பாக்களை வாயோடு வாய் சேர்த்து ஒட்டியதில் உன் வயிறு வந்தது. மில்லில் நூல் சுற்றும் பேப்பர் கோன்கள் உன் எஞ்சின் குழல்களாயின. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து பஞ்சும் நூலும்தான் இந்த ஊருக்குச் சோறு. எங்கள் தெருக்களில் கோன் கிடைக்காத வீடு குறைவு. சிவகாசியில் அச்சான காலண்டர் அட்டையைச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி உன் மேல்தகடுகளாக ஒட்டினேன். தீர்ந்துபோன ரீஃபில்கள் குழாய்களாயின. பேனா மூடிகளும், பழுதான சார்ஜரின் உள்ளே இருந்த சர்க்யூட் பலகையும் உன் முதுகில் இயந்திரங்களாக உட்கார்ந்தன. 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு மாதிரிகள் செய்த கலைஞர்களும் இதைத்தான் செய்தார்கள். கடையில் விற்கும் பீரங்கி, விமான மாடல் பெட்டிகளை வாங்கி உடைத்து, அந்த உதிரிகளைத் தங்கள் கப்பல்களின் மேல் ஒட்டினார்கள். பொருளைப் பார்க்கும்போதே அது வேறு என்னவாகும் என்று யோசிக்கிற பழக்கத்தை எனக்கு நீ கொடுத்தாய்.

அணிலே, பெரியது என்றால் என்ன என்பதையும் நீதான் காட்டினாய். உன்னைப் பெரிய கப்பலாகக் காட்ட வேண்டும். ஆனால் நீ முழங்கை நீளம். வழி தெரியாமல் இருந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரத்தைப் புதிதாகப் பார்த்தேன். பதினொரு நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பதாகச் சொல்லப்படும் கோபுரம். சின்ன வயதிலிருந்து பார்த்த கோபுரம்தான். நிலைக்கு நிலை வாசல் சிறுத்துக்கொண்டே போவதை அன்றுதான் கவனித்தேன். ஆள் நுழையும் அளவு என்று தெரிந்த ஒரு வாசல் கீழே இருக்கிறது. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு கண் மேலே ஏறுகிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் உன் விலாவில் ஊசி முனையால் சின்னச் சின்ன ஜன்னல்களையும், ஓரிடத்தில் மட்டும் ஒரு ஆள்கதவையும் கீறினேன். கதவு பாசிப்பருப்பு அளவுதான். அது வந்ததும் நீ பெரிய கப்பலாகிவிட்டாய்.

அணிலே, மேற்பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்தளம் சரியில்லையென்றால் பயனில்லை என்று கற்றது உன்னால். அதைச் சொல்லித்தந்தவர் மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையோரம் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் அண்ணன். உன்னை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு லாரியின் கதவைப் பார்ப்பதுபோல் உன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் உன் வயிற்றைத் தடவினார். “இங்க மேடு இருக்கு டீச்சர். பட்டி சரியா அமையலன்னா எத்தனை கோட் அடிச்சாலும் காட்டிக் குடுத்துரும்” என்றார். ஒட்டிய இடங்களில் பட்டி வைத்து, காய்ந்தபின் 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொன்னார். டப்பாவில் இருக்கும் நெய்ப்பசை போகச் சோப்பு நீரில் கழுவிவிட்டுத்தான் பிரைமர் அடிக்க வேண்டும், தெர்மாகோல் வைத்திருந்தால் ஸ்ப்ரே பெயிண்ட் அதைக் கரைத்துவிடும் என்று எச்சரித்தார். மிச்சமிருந்த சாம்பல் நிற பிரைமரை ஒரு பாட்டிலில் ஊற்றியும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய நன்றியையும் உன் பேரிலேயே எழுதிக்கொள்கிறேன்.

அணிலே, உன் பெயருக்கே நான் கடன்பட்டவள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத் தோப்பு. அந்தக் காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமானது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அங்கே ஒரு மரக்கிளையில் அந்த அணிலைப் பார்த்தேன். வீட்டு அணிலைவிடப் பல மடங்கு பெரிது. தூரத்தில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அது திரும்பியபோது வெயில் பட்டதும், ரோமத்தின் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி இழைகள் தெரிந்தன. ஒரு சாம்பலுக்குள் எத்தனை சாம்பல்! அதுவரை உன்னை ஒரே டப்பா பெயிண்டில் முடித்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு சொட்டு வெள்ளையோ, ஒரு சொட்டு கறுப்போ, ஒரு சொட்டு நீலமோ கூட்டி வேறு வேறு சாம்பல் பூசினேன். எல்லாம் காய்ந்தபின், பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு, பழைய துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, ஒட்டியிருக்கும் மிச்சத்தை உன் மேடுகளின் மேல் மெல்ல இழுத்தேன். மேட்டு விளிம்புகள் மட்டும் வெளுத்து எழுந்தன. அந்தக் கணத்தில்தான் உனக்குப் பெயர் வைத்தேன்.

அணிலே, சிக்கனம் ஒரு குறையாகவே இருக்க வேண்டியதில்லை என்பதை எனக்கு மெய்ப்பித்துக் காட்டியவன் நீ. மாடல் செய்கிறவர்கள் பயன்படுத்தும் ஏர்பிரஷ், கம்ப்ரஸர், வெளிநாட்டுப் பெயிண்ட் எல்லாம் சேர்த்தால் பல ஆயிரம் ஆகும். என்னிடம் இருந்தது பிள்ளைகள் பள்ளிக்கு வாங்கும் போஸ்டர் கலர் பெட்டி. அந்த நிறம் காய்ந்தபிறகும் தண்ணீர் பட்டால் கரையும். படம் வரைகிறவர்களுக்கு அது தொல்லை, எனக்கு வரம். அடிநிறத்தின் மேல் மேட் வார்னிஷ் ஒரு கோட் அடித்து மூடினேன். பிறகு கறுப்பும் பழுப்பும் கலந்து, கஞ்சித் தெளிவு பதத்துக்குக் கரைத்து, உன் உடம்பெங்கும் ஓடவிட்டேன். அது தானாகவே தகடுகளின் இடுக்கைத் தேடிப் போய்த் தங்கியது. காய்ந்ததும் ஈரப் பஞ்சால் துடைத்தேன். மேட்டில் இருந்தது போயிற்று. இடுக்கில் இருந்தது நின்றது. பிடிக்கவில்லையென்றால் கழுவிவிட்டு மறுபடியும் தொடங்கலாம். விலையுயர்ந்த பெயிண்ட் இவ்வளவு பொறுமையாக என்னோடு ஒத்துழைத்திருக்குமா என்று தெரியவில்லை.

அணிலே, இப்போது சொல்லப்போவது பெரிய கடன். என் அப்பாவை எனக்குப் பேசத் தந்தாய். மில்லில் ரிங் பிரேமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுந்த இழையைப் பிணைத்துப் பிணைத்துத் தேய்ந்த விரல்கள். வேலையைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசியதில்லை. உன் மேல் பெயிண்ட் உரிந்த அடையாளங்களை நான் ஸ்பாஞ்சுத் துண்டால் அங்கங்கே ஒற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். “கை படுற இடத்துலதாம்மா பெயிண்ட் போகும். படாத இடத்துல தூசிதான் அடையும். இந்தக் கதவை எவன் தொறக்கிறான்? எந்தக் கையால தொறக்கிறான்?” என்று கேட்டார். பிறகு தன் மெஷினில் எந்தெந்த இடம் வெள்ளி மாதிரி மின்னும், எங்கே எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து பிசினாக அப்பும், புதிதாக வந்தவன் நின்ற மெஷினையும் பழைய ஆள் நின்ற மெஷினையும் தேய்மானத்தை வைத்தே எப்படிப் பிரித்துச் சொல்லலாம் என்று விளக்கிக்கொண்டே போனார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் உழைத்த வாழ்க்கையை அன்றுதான் கேட்டேன். உன் கதவின் வலப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதே, அது அப்பா சொன்ன இடம்.

அணிலே, அப்பா கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைப் பார்க்க வைத்தாய். ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் அந்தத் தேரைப் பக்தியோடு பார்த்திருக்கிறேன். ஒரு வாகனமாகப் பார்த்தது அப்போதுதான். மேலே துணியும் தோரணமும் புதிது. கீழே மரச் சிற்பங்களில் ஆண்டாண்டு கால எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. கை எட்டும் உயரத்தில் இருந்த உருவங்களின் மூக்கும் முழங்காலும் மழுங்கி மின்னின. அதற்கு மேலே இருந்தவை கூர் குறையாமல் இருந்தன. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கட்டையைத் தள்ளும்போதெல்லாம் விளிம்பில் ஒரு புதிய வடு விழுந்தது. உன் சரக்கு வாசலுக்கும் இறங்கு கால்களுக்கும் நான் கொடுத்த வடுக்கள் அங்கே கற்றவை. முதலில் வெள்ளி நிறம் பூசி, காய்ந்தபின் லேசாக ஈரமாக்கி, வடு வேண்டிய இடத்தில் மட்டும் கல் உப்பைத் தூவி, அதன்மேல் சாம்பலை அடித்தேன். பெயிண்ட் காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அடியில் இருந்த வெள்ளி, ஒழுங்கில்லாத ஓட்டைகளாக எட்டிப் பார்த்தது. கையால் வரைந்தால் அந்த ஒழுங்கின்மை வராது. கடைசி வார்னிஷுக்குப் பிறகு, விளிம்புகளில் 6பி பென்சிலைத் தேய்த்தேன். இரும்பின் மினுமினுப்பு வந்துவிட்டது.

அணிலே, நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். பாடத்தை எனக்கே திரும்ப நடத்தினாய். பழைய கப்பல் என்றால் துரு இருக்க வேண்டும் என்று முதலில் பழுப்பு நிறத்தைக் கையில் எடுத்தேன். நீ கேட்பதுபோல் ஒரு கேள்வி எழுந்தது: காற்றும் ஈரமும் இல்லாத இடத்தில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும்? விண்வெளியில் வேறு வகையான முதுமை உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர் நிறத்தை மாற்றும். மணலைவிடச் சிறிய விண்கற்கள் வேகமாக மோதிக் குழி பறிக்கும். அமெரிக்க விண்வெளி ஓடமான கொலம்பியா 1981-இல் இரண்டு முறை பறந்தபோது அதன் பெரிய வெளித்தொட்டிக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். 1982-இல் மூன்றாம் பயணத்திலிருந்து பெயிண்டே அடிக்கவில்லை. அதனால் ஏறத்தாழ 270 கிலோ எடை மிச்சமாயிற்று. நாம் எல்லாரும் படத்தில் பார்த்த அந்தக் காவி நிறம், தொட்டியைப் போர்த்திய நுரை வெயில் பட்டுக் கறுத்த நிறம். அதைப் படித்த பிறகு உன் முன்பக்கத்துக்கு வெளுப்பையும் ஊசிக் குழிகளையும் கொடுத்தேன். நீ தரையிறங்கும்போது காற்று உரசும் என்பதால் கறைக் கோடுகளை முன்னிருந்து பின்னாக இழுத்தேன். துருவை உன் இறங்கு கால்களுக்கு மட்டும் வைத்தேன்; ஈரமான மண்ணில் நிற்பவை அவைதான்.

அணிலே, உன் எஞ்சின் வாயில் இருக்கும் அந்த வானவில் வளையத்துக்கும் நன்றி. எஃகைச் சூடாக்கினால் 230 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் மஞ்சள் வரும், 280-ஐ நெருங்கினால் ஊதா, 300-இல் நீலம். அது சாயம் அல்ல. மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி செய்யும் வேலை. பாடமாக எத்தனையோ முறை சொல்லியிருந்தும், பேருந்து நிலையத்தில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிளின் சைலன்ஸர் வளைவில் அந்த மூன்று நிறமும் வரிசையாக நிற்பதை உனக்காகத்தான் குனிந்து பார்த்தேன். மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் ஓவிய மையைப் பயன்படுத்தினேன். நீலத்துக்கு, சட்டைக்குப் போடும் உஜாலாவில் ஒரு சொட்டு எடுத்து அக்ரிலிக் வார்னிஷில் கலந்தேன். மில் கோனாக இருந்த அட்டை அன்று மாலை எஃகானது. பள்ளியில் உன்னைக் காட்டியபோது பின்வரிசைப் பையன் ஒருவன், “இதை மகேந்திரகிரியில டெஸ்ட் பண்ணலாமா மிஸ்?” என்று கேட்டான். திருநெல்வேலி மாவட்டத்தில், நம் மலைத்தொடரின் தென்கோடியில், இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்கள் சோதிக்கப்படும் இடம் அது. சந்திரயான்-3-ஐச் சுமந்து சென்ற ராக்கெட்டுக்கான எஞ்சின்களும் அங்கே எரித்துப் பார்க்கப்பட்டவைதான். அந்தப் பையனுக்கு அந்த இடம் ஒரு பெயராக மட்டும் இருக்கவில்லை. பேருந்து ஏறினால் போய்விடக்கூடிய தூரமாக இருந்தது. அதற்குக் காரணம் நீ.

அணிலே, உன் கால்களில் படிந்திருக்கும் தூசி இந்த மண்ணின் தூசி. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலும், மலையடிவாரத்துச் செம்மண்ணும் ஒவ்வொரு பிடி எடுத்துவந்து காயவைத்தேன். சலிக்கச் சல்லடை கண் பெரிதாக இருந்தது. ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் வீடுதோறும் தறி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி அங்கேதான் நெய்யப்படுகிறது. அந்தத் துணியை நான்காக மடித்துச் சலித்தேன். மாவாக இறங்கியது. பிரஷ்ஷால் தூவி, பெவிக்காலைத் தண்ணீராகக் கரைத்துச் சொட்டுவிட்டு நிறுத்தினேன். மிஞ்சிய துணியை உன் அடிவயிற்றில் விரித்துப் பிடித்து அதன்மேல் ஸ்ப்ரே செய்தபோது, நெசவின் கட்டங்களே உன் வெப்பக் கவச ஓடுகளாகப் பதிந்தன. நம் ஊர் மண்ணை விண்கலத்தின் காலில் வைக்கலாமா என்று தயங்கியதும் உண்டு. அப்போதுதான் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் அனார்த்தோசைட் பாறை, நிலா மண்ணை ஒத்திருப்பதால் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் உதவியோடு இஸ்ரோவுக்குப் போனதையும், சந்திரயான் தரையிறங்கிப் பழகியது அந்த மண்ணில்தான் என்பதையும் நினைத்துக்கொண்டேன். தயக்கம் போய்விட்டது. நிலவுக்குப் போகுமுன் உண்மையான கலமே தமிழ்நாட்டு மண்ணில் கால் பழகியிருக்கும்போது, உனக்கென்ன குறை?

அணிலே, இத்தனைக்கும் மேலே, நான் வாழும் ஊர்களை எனக்குத் திருப்பிக் கொடுத்தாய். ரயில் நிலையத்தில் தண்டவாளத்து ஜல்லி ஏன் பழுப்பாக இருக்கிறது என்று இப்போது தெரியும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு ரயிலும் உதிர்த்த இரும்புத் தூள் அது. பால்கோவா கிண்டும் இரும்புச் சட்டியின் வெளிப்பக்கம் எந்தத் திசையில் கரி அதிகம் என்று பார்த்தால் விறகை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். மினிபஸ்ஸின் படிக்கட்டில் பெயிண்ட் போன இடம், எத்தனை பேர் தொங்கிக்கொண்டு போகிறார்கள் என்று சொல்கிறது. அழுக்கு என்று ஒதுக்கியதிலெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது. காரணத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். தேய்ந்துபோன எதையும் இப்போது நான் அலட்சியமாகப் பார்ப்பதில்லை. இதைக் கற்க வேறு எங்கே போயிருப்பேன்?

இதுவரை கூடவே இருந்து கேட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை விண்கலம் செய்ய ஆசைப்பட்டால், அதற்கெல்லாம் காசு எங்கே என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு போஸ்டர் கலர் பெட்டி, இரண்டு தாள் உப்புத்தாள், ஒரு பிடி கல் உப்பு, ஒரு கறுத்த பென்சில் போதும். காலி டப்பாவைக் குப்பையில் போடாமல் பிள்ளையின் கையில் கொடுங்கள். பிறகு கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போய், எது எங்கே தேய்ந்திருக்கிறது, ஏன் தேய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். வீட்டில் உழைத்து ஓய்ந்த பெரியவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். பதில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

என்றும் கடன்பட்ட,
உன்னைத் தீட்டியவள்
ராஜபாளையம்